மேலே ஒன்று, கீழே ஒன்று

பிரிந்தபோது ஆளுக்கொரு பிக்கப் என்று எழுதிக்கொண்டோம்.
வெள்ளை லானிக்கு.
பின்கதவு பூட்டிக்கொள்ளாத சிவப்பு எனக்கு.
நாய்க்காகத்தான் இரண்டு மாதம் வழக்காடினோம்.
சனிக்கிழமைகள் யாருக்கு என்று
எந்த வக்கீலும் கேட்கவில்லை.

இந்தப் பாதை அப்படி.
மேட்டில் ஏறிவிட்டால் பதினேழு மைல்
இறக்கம், இறக்கம், மலைக்கு மறுபக்கம்.
திரும்ப மிதித்து ஏற முழங்கால் ஒப்பாது.
கீழே ஒரு வண்டி காத்திருக்க வேண்டும்,
மேலே ஒரு வண்டி கொண்டுபோய் விட வேண்டும்.
ஃப்ரூட்டா ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஏராளம்.
சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு
வண்டியோடு வருகிறவன்
ஒருவன்தான்.

வாரமெல்லாம் என் வண்டி எரிவாயு உருளை சுமக்கும்.
அவனுடையது ஜிப்சம் பலகை.
வெள்ளி இரவு பெருக்கினாலும் போகாத வெள்ளைத் தூசி
சைக்கிள் சங்கிலியில் மாவாய் ஒட்டும்.
பின்கதவின் மேல் பழைய கம்பளத்தை மடித்துப் போட்டு
முன்சக்கரங்களை வெளியே தொங்கவிட்டால்
சந்தைக்குப் போகும் இரண்டு ஆடுகள்
எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஏறும்போது பேசுவது காற்றைப் பற்றி.
'முன்டயரில் எவ்வளவு?'
'இருபத்திரண்டு.'
'பின்னால்?'
'இருபத்தைந்து. கொஞ்சம் கசிகிறது.'
பதினோரு வருஷ வாழ்க்கையில்
இவ்வளவு நேராக நாங்கள்
பதில் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு இறக்கம்.
ஜூனிபர் வாசனை, சூடேறிய பிரேக் வாசனை,
செம்பாறை, பாறைக்குப் பின்னால் ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லாததன் ஓரத்தில்
என் கைப்பிடி அகலத்துக்கு மண்.
கல்லைக் கண்டால் வழியைக் காணோம்.
கல்லையே பார்ப்பவள் கல்லில்தான் போய் விழுவாள்.
தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.
விழுந்தேன்.

அவன் நின்றான், இருபதடி தள்ளி.
ஓடி வரவில்லை.
'சக்கரம் சுற்றுகிறதா?' என்று கேட்டான்.
சுற்றியது.
'அப்போ சரி.'
முன்பெல்லாம் இதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன்.
இன்று எழுந்து, மண்ணைத் துப்பி,
இருக்கையின் கோணலைத் தொடையால் இடித்து நிமிர்த்தி
அவனைத் தாண்டிப் போனேன்.

கீழே, சாலை முடியுமிடத்தில், சிவப்பு நின்றது.
பைக்குள் கைவிட்டேன்.
மறு பைக்குள் விட்டேன்.
ஜாக்கெட்டில் சாவி.
ஜாக்கெட் வெள்ளை வண்டியில்.
வெள்ளை வண்டி மலை உச்சியில்.
லானி என் முகத்தைப் பார்த்தான்,
தன் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினான்,
நாலாயிரம் அடி உயரத்துக் கதவு ஒன்றைத் திறக்கும்
அந்தச் சாவியை.

கண்ணாடிக்குள் தண்ணீர்க் கேன் தெரிந்தது.
தொலைபேசிக்குக் கோடு ஒன்றுகூட இல்லை.
பூட்டிக்கொள்ளாத பின்கதவை இறக்கி உட்கார்ந்தோம்.
'இதைத்தானே வேண்டாம் என்று என்னிடம் தள்ளினாய்' என்றேன்.
அவன் வண்டித்தட்டில் துழாவினான்.
உருளை கட்டும் சங்கிலி, ஒற்றைக் கையுறை,
போன வாரத்து அரைப் பாட்டில் தண்ணீர்.
முதலில் என் முழங்காலில் ஊற்றினான்.
மிச்சத்தை நான் குடித்தேன்.
அவனுக்கு வைக்க மறந்துவிட்டேன்.
உண்மையாகவே மறந்துவிட்டேன்.

இரண்டு மணிநேரம் கழித்து
வைக்கோல் ஏற்றிய ஒரு வண்டி.
ஓட்டியவர் தன்னை ஆர்வில் என்றார்.
சைக்கிள்களை வைக்கோல்மேல் எறிந்துவிட்டு
முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம்.
கியர் என் கால்களுக்கு நடுவே.
ஒவ்வொரு வளைவிலும் லானியின் தோள் என்மேல் சாய்ந்தது,
வளைவு முடிந்ததும் விலகியது.

'புருஷன் பெண்டாட்டியா?' ஆர்வில் கேட்டார்.

'இல்லை' என்றான் லானி.
'அவளிடம் ஒரு வண்டி இருக்கிறது.'

ஆர்வில் வெகுநேரம் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றார் பிறகு,
மெதுவாக,
சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்றார்.